சமயநல்லூரில் கிடைத்த உப்பு ஐஸ்

கெட்டுப்போகும் சரக்கைப் பேருந்தில் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். நான் போய்த்தான் புத்தி கொள்முதல் செய்தேன்.

2003 மே மாதம், ஒரு சனிக்கிழமை. மதுரை ஆரப்பாளையத்தில் ஆய்வகச் சாமான் கடை போட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. பீக்கர், அமிலம் விற்று வந்த எனக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்த சாந்தி வெளிநாட்டுப் புரதம் கேட்டிருந்தார். மனித உடம்பில் சுரப்பதுதான். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் பாக்டீரியாவைக்கொண்டே தயாரித்தது. ஆராய்ச்சிக்கு மட்டும், ஊசிமருந்து அல்ல. திங்கட்கிழமைக்குள் அது சேராவிட்டால் அவர் எட்டு மாதமாக வளர்த்த செல்கள் செத்துப்போகும். சரக்கு கோவை ஏஜெண்டிடம் வந்திருந்தது. கூரியரில் போட்டால் ஞாயிறு முழுக்க குடோனில் வேகும். நானே கிளம்பினேன்.

முந்தின ராத்திரியே கோவை போய், விடிந்ததும் சரக்கை வாங்கிக்கொண்டு, காலை 7.10க்கு சிங்காநல்லூரில் மதுரைப் பேருந்து பிடித்தேன். 215 கிலோமீட்டர், 62 ரூபாய். மடியில் தெர்மாகோல் பெட்டி. உள்ளே புகை கக்கும் உலர் பனிக்கட்டி, அதாவது உறையவைத்த கரியமில வாயு; நடுவில் சுண்டுவிரல் அளவு குப்பி.

பிரித்துப் பார்க்காமல் நான் எந்தச் சரக்கும் வாங்கியதில்லை. பல்லடம் தாண்டியதும் பிரித்தேன். குப்பி காலி! ஏமாந்துவிட்டோமோ என்று தாராபுரத்தில் மறுபடி பார்த்தேன். ஒட்டன்சத்திரத்தில் மூன்றாவது தடவை வெயிலில் பிடித்தபோதுதான் அடியில் உறைந்த ஒரு துளி தெரிந்தது. அம்புட்டுத்தான் சரக்கு.

ஒவ்வொரு தடவையும் வண்டிக்குள் புகை. "அண்ணே, பெட்டிக்குள்ள சாம்பிராணி போடுறீகளா? மூடுங்க, ஆளுக பயப்படுறாக" என்றார் நடத்துநர்.

1.20க்கு சமயநல்லூரில் டயர் வெடித்தது. பெட்டியைத் திறந்தால் பனிக்கட்டி கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது. ஆட்டோவும் இல்லை. பெட்டிக்கடையில் ஐஸ் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வண்டி வைத்திருந்த குல்ஃபிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எதுக்குண்ணே ஐஸு?"

"இது உருகக் கூடாதுப்பா. உருகுனா ஒரு பிள்ளையோட படிப்பு போச்சு."

"வெறும் ஐஸுல வச்சா உருகத்தான் செய்யும். எம் பாலு எப்படிக் கல்லா நிக்குதாம்? உப்பு!"

குப்பியை பாலிதீனில் சுற்றி, காலிக் குல்ஃபி அச்சுக்குள் போட்டு, மூடி இடுக்கில் மைதா மாவு அப்பினார். உடைத்த ஐஸில் கல்லுப்பைக் கலந்து பெட்டியை நிரப்பினார். முப்பது ரூபாய் நீட்டினேன். "ஐஸுக்குப் பத்து போதும். பொழச்சுச்சா இல்லையான்னு மட்டும் வந்து சொல்லுங்க. ஒரு குல்ஃபி திங்கிறீகளா?"

"நேரமில்ல, வாரேன்" என்று வந்த ஆட்டோவில் ஏறினேன். 120 ரூபாய்.

ஆய்வகத்தில் சாந்தி குல்ஃபி அச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருக்கலாம், சரக்கு உறைந்துதான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டேன்: "நாலு தடவை திறந்துட்டேம்மா."

"ஏன் அண்ணே?"

"பழக்கம்மா. காலிக் குப்பியை வித்துட்டாங்களோன்னு."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "முதல்ல ஒரு தட்டுச் செல்லுக்கு மட்டும் போட்டுப் பாக்குறேன்" என்றார். நான்கு நாள் எனக்கு வியாபாரம் ஓடவில்லை. புதன்கிழமை கடைக்கு ஃபோன்: "பிடிச்சிருச்சு அண்ணே. நல்லா வளருது!"

அன்றைக்கே அச்சை எடுத்துக்கொண்டு சமயநல்லூர் போனேன். ஆரப்பாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். "பொழச்சுக்கிச்சுப்பா" என்றேன். அவர் அச்சை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இதுல இனிமே பால் ஊத்த மாட்டேன். நீங்களே வச்சுக்கங்க" என்று வேறோர் அச்சை உருட்டி, குச்சி செருகி நீட்டினார். "இப்பவாவது தின்னுட்டுப் போங்க."

ஆக, உலர் பனிக்கட்டி குறைந்தது இரண்டு கிலோ வாங்குங்கள். பெட்டி மூடியில் அந்த வாயு வெளியேற இடம் விடுங்கள், ஜன்னலோரம் உட்காருங்கள். வழியில் தீர்ந்தால் குல்ஃபி வண்டியைத் தேடுங்கள்; ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. எக்காரணம் கொண்டும் நடுவழியில் திறக்காதீர்கள். எனக்குக் கை அரிக்கும்போதெல்லாம் கல்லாப்பெட்டிக்கு மேல் இருக்கிற அந்த அச்சைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.