ஓசூர்க் குளிர்மேல் போட்ட பழி

சித்திரை மாதத்தில், காலை பதினொரு மணிக்கு, ஓசூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வெயில் காய்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மடியில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத மகன். கம்பளிக் குல்லா என் தலையில் இருந்தது, அவன் தலையில் அல்ல. எங்கள் விளாத்திகுளம் பக்கத்தில் அந்நேரத்துக்கு ஒருத்தி வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிட்டு விடுவார்கள். துணி காயப்போட வந்த ஓனரம்மா ரத்னம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஜுரமா என்று கேட்டார். குளிர்கிறது என்றேன். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடியே தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டுக்குள் தெலுங்கு, காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், வாடகைக்கு இருக்கும் எங்களிடம் தமிழ். நமக்குப் புரியக் கூடாத பேச்சைத்தான் தெலுங்கில் பேசுவார் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. தெற்கத்திக்காரி என்று கேலி செய்கிறார் என நினைத்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து அவருடைய வாளியை எட்டி உதைத்தேன். பிழிந்து வைத்திருந்த துணியெல்லாம் மாடிப் புழுதியில் விழுந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு மறுபடி அலசப் போனார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. பிழைக்க வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பில் என்ன வந்தாலும் வந்த ஊரின்மேல் போட்டுவிடுவோம். எங்கள் லைன் வீடுகளில் சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். முடி கொட்டினால் போர் தண்ணீர். மலம் இறுகினால் ராகிக் களி. கால் வீங்கினால் கம்பெனியில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. குளிர்ந்தால் ஓசூர். இதற்கெல்லாம் டாக்டரிடம் போவதில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி சொல்ல இன்னொருத்தி தலையாட்டுவாள், வைத்தியம் முடிந்தது. எனக்கு முடி கொட்டியது, மலம் இறுகியது, கால் வீங்கியது, குளிர்ந்தது. அத்தனைக்கும் நான் ஓசூரைத் திட்டித் தீர்த்தேன்.

இத்தனைக்கும் எனக்குத் தைராய்டு குறைவு என்பது கர்ப்பமாக இருந்தபோதே தெரியும். கழுத்தில் இருக்கிற சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை, அதன் வேலையை இந்த மாத்திரை செய்யும், காலையில் வெறும் வயிற்றில் போடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. ஒரு நாள் தவறாமல் போட்டேன். பிள்ளை பிறந்தபின் ரத்தம் பார்த்து அளவை மாற்றலாம், அதுவரை நிறுத்தாதே என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தவிர வேறு யார் காதிலும் விழவில்லை.

எனக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்க்க மாமியார்தான் விளாத்திகுளத்திலிருந்து வந்தார். ஒரு பானை பிரசவ லேகியம், பூண்டு, கருப்பட்டி, கருவாடு என்று ஒரு ஊரையே மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினார். எங்கள் பக்கத்துப் பத்தியம் என்றால் விளையாட்டில்லை. விடிந்ததும் வெறும் வயிற்றில் முதலில் உள்ளே போக வேண்டியது லேகிய உருண்டை. தண்ணீர்கூட அளந்துதான். டாக்டரம்மா சொன்ன வெறும் வயிறும் அத்தை சொன்ன வெறும் வயிறும் ஒன்றே. எனக்கு இருப்பதோ ஒரு வயிறு.

முதல் நாளே மாத்திரை அட்டை அத்தை கைக்குப் போனது. “பிள்ளக்காரி முழுங்குறது அம்புட்டும் பாலோட பிள்ள வயித்துக்குள்ள போவும். ஒனக்கு நோவுன்னா பச்சப் பிள்ளயுமா மாத்திர திங்கணும்?” என்றார். நான் பிடுங்கப் போனேன். என் வீட்டுக்காரர் செல்வம் குறுக்கே வந்து அட்டையை வாங்கி, ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். பிரஸ் ஷாப்பில் வேலை அவருக்கு. தகட்டை வைத்ததும் மெஷின் ஒரே இடியாக இடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். வீட்டிலும் அதே வேகம்தான். தடுக்கப் போன என் கையை முறுக்கினார், வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்தது. தகப்பன் என்கிற பயம் அவருக்கு. அதை இன்று சொல்ல முடிகிறது. அன்று அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

பால் குறைந்தது. மகன் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, தலையைப் பின்னால் எறிந்து, முகம் கன்றிப்போகும்படி கத்துவான். பால் கட்டியிருக்கிறது என்று அத்தை என்னைச் சுவரில் சாய்த்து, முழங்காலால் தொடையை அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் மார்பைப் பிழிவார். பால் வராது, நான் அலறுவேன். ஈரத்துணி பிழிகிற மாதிரி ஒரு மனுஷியைப் பிழியலாம் என்று நான் அதற்குமுன் அறிந்ததில்லை. பக்கத்து வீட்டுச் சாத்தூர்க்காரி எட்டிப் பார்த்துவிட்டு, ஓசூர்த் தண்ணீரில் பால் ஊறாது என்று சொல்லிப் போனாள். செவிலியம்மா வந்து எடை பார்த்தார். பிறந்தபோது இருந்த எடைக்குக்கூட அவன் இன்னும் வந்து சேரவில்லை. பவுடர் பால் டப்பா வந்தது. அதை என் வீட்டுக்காரர் என் முன்னால் டொக்கென்று வைத்த சத்தத்திலேயே தீர்ப்பு இருந்தது.

அதோடு தூக்கம். பிள்ளை பெற்றவளுக்கு வரும் அசதி இல்லை அது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, கை கால் கல்லாகிவிடும். ஒரு மத்தியானம் பால் கொடுத்தபடியே தூங்கிப்போனேன். மகன் மடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தான். அவன் அழுகையில் விழிப்பதற்குள் என் கன்னத்தில் அறை விழுந்தது. காது இரைந்தது. பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாள் என்று வீட்டுக்காரர் கத்தினார். கைக்கு எட்டிய லேகியப் பானையைத் தூக்கி எறிந்தேன். குறி தப்பிச் சுவரில் உடைந்தது. கரும்பச்சையாக லேகியம் வழிந்து இறங்கியது. மகன் நெற்றியில் சின்னதாக ஒரு வீக்கம். அதைத் தடவிக்கொண்டே நான் அழுதேன், பால்தான் வரவில்லை.

அன்று சாயங்காலமே முடிவெடுத்தார்கள். இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, பவுடரைக் கையில் எடுத்துக்கொண்டு தாயையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டியது, நம் தண்ணீர் குடித்தால் பால் தானாகச் சுரக்கும் என்றார் அத்தை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஒரு கணம் ஆசையாக இருந்தது. கரிசல் வெயிலில் போய் விழுந்தால் இந்தக் குளிர் விடும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஸ்வெட்டரை இழுத்து மூடினேன். அப்போதுதான் எதிரே பார்த்தேன். விளாத்திகுளத்து வெயிலில் அறுபது வருஷம் வெந்த அத்தை ஃபேனுக்கு நேர் கீழே கால் நீட்டி, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கழுத்துச் சங்கிலி வேர்வையில் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே காற்று. எனக்கு மட்டும்தான் குளிர்கிறது. குளிர் ஓசூரில் இல்லை. மாத்திரையை நிறுத்தியதிலிருந்து அது எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. விளாத்திகுளம் போனாலும் அது என்னோடுதான் பஸ் ஏறும்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் மகனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தோளால் இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே ரத்னம்மா. எங்கே என்றார். ஆஸ்பத்திரி என்றேன். வேறு எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, மகனைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். வழியில்தான் சொன்னார்: “அன்னிக்கு ஒன்னப் பாத்துச் சிரிக்கல பாப்பா. எம் மருமவ ஃபேன் இல்லாம சாவுறா, நீ குல்லா போட்டுக்கினு ஒக்காந்திருக்கியேன்னு தேவுடுகிட்டச் சொன்னேன்.” 

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், திட்டினார். நல்ல உடம்பு தானே சுரக்கிறதைத்தான் இந்த மாத்திரை தருகிறது, பாலில் போவது துளியிலும் துளி, அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, நிறுத்தினதுதான் பாலைக் குறைத்திருக்கிறது என்றார். மகனுக்கும் குதிகாலில் குத்திப் பார்த்து, அவனுக்குச் சுரப்பி நன்றாக இருக்கிறது என்றார். விடிந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றதெல்லாம், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் மத்தியானத்துக்குமேல். பால் ஊறும்வரை பவுடரும் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் மார்பில் போடு. இவ்வளவுதான். இதற்காகவா இத்தனை அடி என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்தேன். மாத்திரையை நாக்கில் வைக்கப் போகும்போது அத்தை என் தாடையைப் பிடித்துத் திறந்து, சுவரிலிருந்து வழித்து வைத்திருந்த லேகியத்தைத் திணிக்க வந்தார். வீட்டுக்காரர் என் கையிலிருந்த மாத்திரையைப் பறிக்கப் பார்த்தார். அவருடைய பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதை என் வாய்க்கு நேராக வந்தது. கடித்தேன். அவர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார், மண்டையில் குத்தினார், நான் விடவில்லை. பல் இறங்குவது எனக்கே தெரிந்தது. அத்தை ஓலமிட்டுக் கையை எடுத்ததும்தான் விட்டேன். மாத்திரை என் உள்ளங்கையிலேயே இருந்தது. அவர் ரத்தம் உப்புக் கரித்த வாயில் போட்டு, அவர்கள் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் குடித்தேன். “இன்னொரு தடவ என் மாத்திரயில கை வச்சா வெரலு இருக்காது. பிள்ள பால் குடிக்கணும்” என்றேன். அடித்தாலும் கடித்தாலும் அவர் எனக்கு ‘அவர்’தான், அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

நாய் கடித்தது என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார். உடனே வேனில் ஏற்றி நாய்க்கடி ஊசிக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு ஊசியும் போட்டுக்கொண்டு வந்தார். கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாத்திரை வைத்த அலமாரிப் பக்கம் அவர் போகவில்லை. மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பால் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் தூக்கம் கலைந்தது, பிறகு கால் வீக்கம் வடிந்தது. ஒரு நாள் மகன் கத்தாமல் குடித்தான். தொண்டையில் மடக் மடக்கென்று இறங்கும் சத்தம் கேட்டது. பவுடர் டப்பா மெல்ல மெல்லப் பின்னால் போனது. அடுத்த எடையில் செவிலியம்மா புருவத்தை உயர்த்தினார். அத்தை பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. ஊருக்குப் போவதாக மட்டும் சொன்னார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நடத்துனர் சாத்தூர், கோவில்பட்டி என்று கூவினார். அந்தப் பெயர்களைக் கேட்டதும் ஏறிவிடலாமா என்று கால் பரபரத்தது. அத்தை ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டினார். “ஒரு தடவ தா. மடியில வச்சிட்டுத் தாரேன்.”

நான் கொடுக்கவில்லை.

“நான் என்ன, தூக்கிட்டா ஓடிருவேன்?”

“ஓடிருவீக அத்தே” என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கையையும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. பஸ் நகர்ந்தது. நீட்டிய கைகளோடு நகர்ந்தது. என் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டே அது கிருஷ்ணகிரி ரோட்டுக்குத் திரும்பியது. என்னைப் பிழிந்த கைகள்தான், ஆனாலும் ஊரில் எனக்கென்று மிச்சமிருப்பது அந்தக் கைகள்தான். பின்னால் ஓடவா என்று ஒரு கால், இங்கேயே நில் என்று ஒரு கால். மகன் பசித்து அழுதான். அவன் அழுத அந்த நொடியில் இரண்டு மார்பிலும் சுரீரென்று பால் இறங்கி ரவிக்கை நனைந்தது. சுற்றிலும் தெலுங்கு, கன்னடம், எனக்குத் தெரியாத இன்னும் எத்தனையோ பேச்சு. பஸ் ஸ்டாண்டுச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, அவனுக்குக் கொடுத்தேன்.