ஸ்பெயினில் அம்மா கயிறிழுத்த கதை

ஸ்பெயின் நாட்டில் ஒரு குட்டிக் கிராமமே சேர்ந்து என் அம்மாவைத் தோளில் தூக்கியது என்று சொன்னால் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். எனக்கு அப்போது பத்து வயது. பொய் சொல்லுகிற வயதுதான், ஆனால் இது பொய் இல்லை.

நாங்கள் அங்கே போனது கொண்டாட்டத்துக்கு அல்ல, ஒரு கல்யாணத்தை நிறுத்துவதற்கு. என் மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மாவின் கையில் வளர்ந்தவர். அவர் நாலைந்து நாடு சுற்றிக் கடைசியில் ஸ்பெயினில் ஒரு நகரத்து ஹோட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நகரத்து ஆசுப்பத்திரியில் நேர்ஸாக இருந்த ஒரு பெண்ணை விரும்பினார். அக்கா ஓம் என்றால் கட்டுகிறேன், இல்லையென்றால் கடைசிவரை இப்படியே இருந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னபடி இருக்கக்கூடியவர் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதுதான் அம்மாவுக்கு எரிச்சல்.

அம்மா ஏற்கனவே கனடாவிலேயே, றிச்மண்ட் ஹில்லில் ஒரு பெண்ணின் சாதகத்தை வாங்கி, பொருத்தம் பார்த்து, மனத்துக்குள் மண்டபமும் பிடித்து முடித்திருந்தார். ஒருமுறை வந்து பாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மாமா கெஞ்சினார். பார்க்காமல் மறுத்தேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது, பார்த்துவிட்டே மறுக்கிறேன் என்று அம்மா டிக்கெட் போட்டார். அப்பா பஸ் ஓட்டுகிறவர். யார் ஏறினாலும் இறங்கினாலும் கருத்துச் சொல்லாமல் இருக்கப் பழகியவர். அவர் லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தார்.

பெண்ணின் கிராமம் நகரத்திலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். கோதுமை வெட்டிய வயல், பிறகு சூரியகாந்தி, பிறகு மறுபடியும் கோதுமை வெட்டிய வயல். கடைசியில் ஒரு தேவாலயமும், ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதைச் சுற்றி மண் நிறத்தில் கொஞ்ச வீடுகளும் தெரிந்தன. எங்கள் அப்பார்ட்மெண்டின் ஒரு மாடியில் இருக்கிற சனம்கூட அந்த ஊரில் இல்லை.

ஆறு மணிக்குப் பிறகு வந்தால் போதும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் பிந்தித்தான் போவார்கள் என்ற பெயர் உலகம் முழுக்க இருப்பதால், இந்த வீட்டிலாவது அந்தப் பெயர் வரக்கூடாது என்று அம்மா அடம்பிடித்து, எங்களை மூன்று மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். அந்த நேரம் எல்லோரும் படுத்திருப்பார்கள் என்று மாமா படித்துப் படித்துச் சொன்னார். விருந்தாளி வருகிற நேரம் யாராவது படுப்பார்களா என்று அம்மா கேட்டார்.

படுத்திருந்தார்கள். எல்லா ஜன்னலும் இழுத்து மூடிக் கிடந்தது. தெருவில் ஒரு நாய் மட்டும் நிழலில் கிடந்து எங்களைப் பார்த்தது, எழும்பவில்லை. ஸ்காபரோவில் நடுச்சாமத்திலும் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. எங்கள் சூட்கேஸ் சில்லு உருளும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பட்டுச் சேலையோடு வெயிலில் நின்ற அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்களைக் கண்டுதான் கதவைப் பூட்டினவை. எனக்கு விளங்கீட்டுது, தம்பி."

மாமா பாவம். ஆறு மணிவரை எங்களைத் தேவாலயத்துப் படியில் இருத்தி வைத்துவிட்டு, தானும் இருக்காமல் அங்குமிங்கும் நடந்தார். ஆறு மணியானதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிழவர்களும் கிழவிகளும் ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவிலேயே போட்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் வந்திருப்பது தெரிந்ததும் முழுத் தெருவும் எழுந்து வந்து எங்கள் இரண்டு கன்னத்திலும் கொஞ்சியது. முன்பின் தெரியாத பெண்கள் வரிசையில் நின்று தன்னைக் கொஞ்ச, அப்பா கையைக் கூப்பியபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் உயரமாக, வெயிலில் சிவந்த முகத்தோடு இருந்தார். நான் அவரை நேர்ஸ் அக்கா என்று கூப்பிட்டேன். எனக்கு உடனே பிடித்துவிட்டது, ஏனென்றால் அவர் என்னிடம் கன்னம் தராமல் கைகுலுக்கினார். அவருடைய தாய் தனியாகவே ஆடுகளையும் வயலையும் பார்க்கிறவர். மேசை கொள்ளாத அளவுக்குச் சமைத்து வைத்திருந்தார். பருப்பு, பாண் ரொட்டி, முட்டைப் பொரியல், ஆட்டுப்பால் கட்டி எல்லாம் இருந்தன.

அம்மா ஒன்றையும் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் அம்மா கைப்பையில் இருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, போத்தல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, முள்ளில் இருப்பதுபோல் மேசைக்கு முன்னால் இருந்தார். எங்களுக்கும் அதே சட்டம்தான். பெண்ணின் தாய்க்கு இது ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்திக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து, ஏதோ பூவை அவித்து அவித்துக் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தார். அன்றிரவு அந்த வீட்டிலேயே தங்கினோம். அடுத்த நாள் விடிய அப்பா குசினியில் அடுப்புப் பக்கத்தில் நின்று தக்காளி பூசிய பாணை மெல்லும்போது அம்மாவிடம் பிடிபட்டார். அது சாப்பாடு இல்லை, ருசி பார்த்ததுதான் என்று அப்பா வாதாடினார்.

மாமா அந்த இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாளைக்கு இந்த ஊர்த் தேவாலயத் திருவிழா முடியட்டும், சபையில் வைத்துச் சொல்லாமல் போகிற வழியில் சொல்லுகிறேன் என்று அம்மா அவரிடம் சொல்லியிருந்தார். என்ன சொல்லப் போகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நேர்ஸ் அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலையில் அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபோது உதடு மட்டும்தான் சிரித்தது.

திருவிழாவில் பெண்கள் கயிறிழுக்கும் போட்டி இருந்தது. அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தோற்பது பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. அதற்கு அம்மாதான் காரணம். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊர்ச்சங்கம் ஸ்காபரோவில் ஒரு பார்க்கில் ஒன்றுகூடல் வைக்கும். அங்கே கயிறிழுத்தலில் கயிற்று நுனியைத் தாங்கி நிற்கிற கடைசி ஆள் அம்மாதான். பேக்கரியில் மா மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு. கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அம்மா குதியை ஊன்றினால், எதிர்ப்பக்கத்து அன்ரிமார் அப்போதே புருசன்மாரைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த ஊரின் வழக்கம் வேறு. ஒரு பக்கம் கல்யாணம் செய்த பெண்கள், மறுபக்கம் கல்யாணம் செய்யாத பெண்கள். கல்யாணமானவர்கள் எல்லாம் முழங்கால் வலிக்காரர். ஆகாதவர்களோ திருவிழாவுக்கென்று நகரத்திலிருந்து வந்த இளம்பெண்கள், அவர்களுக்குக் கடைசி ஆள் நேர்ஸ் அக்கா. கல்யாணமானவர்கள் வென்று எத்தனையோ வருடம் ஆகிறதாம். முதல் சுற்றை இளம்பெண்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் வென்று முடித்தார்கள். இன்னும் இரண்டு சுற்று இருந்தது.

நேர்ஸ் அக்காவின் தாய் மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவின் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். தன் விரலில் இருந்த மோதிரத்தைத் தொட்டுக் காட்டி, அம்மாவை நோக்கிக் கையை விரித்தார். நீ கல்யாணம் செய்தவள்தானே என்று அதற்கு அர்த்தம். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சேலைக்குள் இருந்த தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினார். தெருவில் இருந்த பெண்கள் எல்லாம் ஆகா என்று எட்டிப் பார்த்தார்கள். ஆனால் கயிறு பிடிக்க வரமாட்டேன் என்று அம்மா தலையை ஆட்டிவிட்டார். வம்புக்குள் மாட்டக்கூடாது என்ற தீர்மானம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அந்தத் தீர்மானம் இரண்டு நிமிடம்தான் நின்றது. கல்யாணமானவர்கள் இரண்டாவது சுற்றுக்குக் கயிற்றைப் பிடித்த விதத்தை அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உயரமானவர் முன்னால் நின்றார், கட்டையானவர் பின்னால் நின்றார், ஒருவர் கைப்பையோடு நின்றார்.

"உப்பிடிப் பிடிச்சால் என்னெண்டு வெல்லுறது?" என்று அம்மா பல்லைக் கடித்தார். பிறகு செருப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஐயோ, அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரையும் தோளில் பிடித்து இடம் மாற்றினார். கயிறு கக்கத்துக்குள்ளால் போக வேண்டும், முதலில் இழுக்கவே கூடாது, சும்மா பாரத்தைக் கொடுத்து நில்லுங்கள், அவர்கள் களைத்துப் போகட்டும் என்று கட்டளை போட்டார். அத்தனையையும் மாமாதான் மொழிபெயர்த்தார். தன் பெண்ணைத் தோற்கடிக்கிற வித்தையைத் தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்தார் மனுசன்.

விசில் ஊதியது. இளம்பெண்கள் இழுத்தார்கள், இழுத்தார்கள், கயிறு அசையவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார். நான் நடுக்கோட்டுப் பக்கத்தில் ஓடி வந்து, பார்க்கில் கத்துகிற மாதிரியே ஏலேலோ என்று கத்தினேன். அம்மா ஐலசா என்று ஓர் அடி பின்வைத்தார். நான் மறுபடியும் கத்தினேன். மூன்றாம் தடவை கல்யாணமான பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஐலசா என்றார்கள். அந்த ஊர்த் தேவாலயச் சுவரில் அது மோதித் திரும்பி வந்தது. இரண்டாவது சுற்று எங்களுக்கு.

கடைசிச் சுற்று லேசில் முடியவில்லை. எதிர்ப்பக்கமும் பாடம் படித்துக்கொண்டது. கயிறு நடுவில் நின்று நடுங்கியது. கிழவர்கள் கதிரையில் ஏறி நின்றார்கள், எதற்கும் கருத்துச் சொல்லாத என் அப்பா தொண்டை கிழியக் கத்தினார். தொட்டியில் வழிந்த தண்ணீரால் இளம்பெண்களின் பக்கம் மண் சேறாகியிருந்தது. முன்னால் நின்றவள் வழுக்கி விழுந்தாள். அடுத்தவள் கையை விட்டாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் விட்டுவிட்டார்கள். நேர்ஸ் அக்கா மட்டும் விடவில்லை. தனி ஆளாகப் பிடித்தபடி முழங்காலில் விழுந்தார், வயிற்றில் விழுந்தார், அப்படியே சேற்றில் இழுபட்டு நடுக்கோட்டையும் தாண்டி வந்தார். விசில் ஊதிய பிறகும் கயிறு அவர் கையில்தான் இருந்தது.

வென்றுவிட்டோம்! ஊருக்கே பைத்தியம் பிடித்தது மாதிரி ஆனது. பெண்கள் அம்மாவைச் சேலையோடு தூக்கினார்கள். அம்மா இறக்கி விடச் சொல்லித் தமிழில் சத்தம் போட்டார், அவர்கள் ஐலசா என்று பதில் சொன்னார்கள். நான் செருப்பு இரண்டையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டு கூடவே ஓடினேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வெற்றியை நான் இதுவரை பார்க்கவில்லை.

கீழே இறக்கியதும் அம்மா நேரே நேர்ஸ் அக்காவிடம் போனார். சேற்றில் இருந்தபடி எழும்பாமல் இருந்த அவருடைய கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அம்மா தன் பட்டுச் சேலைத் தலைப்பால் அந்தச் சேற்றைத் துடைத்தார். கூறைச் சேலைக்கு அடுத்தபடியாக அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த சேலை அது. பிறகு மாமாவைப் பார்க்காமலே சொன்னார்.

"சொல்லு இவளுக்கு. எல்லாரும் விட்டிட்டினம், நீ விடேல்ல. வாற வருசம் எங்கட பக்கம் நிண்டு இழு, பிள்ளை."

மாமா மொழிபெயர்க்க மறந்துபோனார். நேர்ஸ் அக்கா அவருடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன என்ன என்று கேட்டார். கடைசியில் மாமா மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அதைக் கேட்ட ஒரு கிழவி மற்றக் கிழவியிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, போட்டியில் வென்றபோது எழும்பியதைவிடப் பெரிய ஆரவாரம் எழும்பியது. நேர்ஸ் அக்காவின் தாய் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கியது. எதிரணியின் மிகச் சிறந்த ஆளை அம்மா அந்த இடத்திலேயே எங்கள் அணிக்குத் தட்டிப் பறித்துவிட்டார். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

தெரு நடுவில் நீள மேசை போட்டார்கள். தோற்றவர்கள் பரிமாற வேண்டும் என்பது அங்கே சட்டம். நேர்ஸ் அக்கா கையில் துணி சுற்றிக்கொண்டு பருப்பைக் கொண்டுவந்து வைக்க, அம்மா பாணைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். அத்தனை நேரம் இழுத்தால் பசிக்கும்தானே.

மாமாவை மட்டும் காணவில்லை. தேடிப் போனபோது தொட்டிக்குப் பின்னால் தனியாக இருந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிவிட்டு, "பரவாயில்ல மாமா, அடுத்த வருசம் அவ எங்கட டீம்தானே, வெல்லலாம்" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். ஒரு தோல்வியை இவ்வளவு மோசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு பெரிய மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.