பம்பு புரோகிராமில் என் பெயர்

இன்று காலை சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் ரஹீம் தம்பியைப் பார்த்தேன். எண்பதுகளில் செம்பவாங்கில் ஒரு கம்பெனியில், கப்பல் பம்புகளுக்கு என் வீட்டுக்காரரோடு சேர்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர்.

வீட்டுக்காரர் தவறிப்போய் மூன்று மாதம் ஆகிறது. மனதில் கிடந்ததை மீன் கடையிலேயே கேட்டுவிட்டேன்.

"தம்பி, அவர் ஆபீஸ்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தையாவது பேசுவாரா?"

"பேச மாட்டாரு அண்ணி. ஆனா புரோகிராம்ல உங்க பேர எழுதி வச்சிருந்தாரு லா."

நான் ஆறாவதோடு நின்றவள். தம்பி பொறுமையாகச் சொன்னார். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு பம்புக்கும் ஸ்ட்ரக்ட் என்று ஒரு பெட்டியாம். அதில் பம்பின் பெயர், நம்பர், கூடவே ஃபங்ஷன் பாயிண்டர் என்று ஓர் அறை. அந்தப் பம்பு செய்ய வேண்டிய வேலை எங்கே இருக்கிறது என்று அது காட்டும்; அந்த வேலைக்குப் பெயர்தான் ஃபங்ஷன். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஓர் அறையை நிரப்ப மறந்துவிட்டார். கம்ப்யூட்டர் அங்கே போய், போக்கிடம் இல்லாமல் மொத்தமாக நின்றுவிட்டது.

"அதுலேருந்து எல்லா அறையிலயும் முதல்ல கமலான்னு ஒரு ஃபங்ஷன போட்டுடுவாரு. ஒரு பம்புக்கு வேலை குடுக்க மறந்தாலும், கம்ப்யூட்டர் நிக்காம உங்ககிட்ட வந்துட்டு பத்திரமா திரும்பிடும்."

"அங்க நான் என்ன செய்வேன்?"

"ஒண்ணுமே செய்ய மாட்டீங்க அண்ணி. சும்மா இருப்பீங்க."

மீன்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன், சிரித்துக்கொண்டே.

வீட்டில் என்னை ஒரு நிமிஷம் சும்மா உட்கார விடாத மனுஷன்!

உங்கள் வீட்டுக்காரர் உங்களை எங்கே எழுதி வைத்திருக்கிறார்? அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள். என்னைப் போல் அடுத்தவரிடம் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.