மஞ்சள் தடவிய உறை

பள்ளி திறக்கும் நாளில் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற வேலை வருடா வருடம் என் தலையில்தான் விழும். புதிதாகச் சேர வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சந்தனம், கற்கண்டு, ஆளுக்கொரு ரோஜா. "கொஞ்சம் சிரிச்ச மொகமா நில்லுங்க டீச்சர்" என்று தலைமையாசிரியை தவறாமல் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் நிற்பேன். கை சந்தனம் கொடுக்கும், கண் வேறு வேலை பார்க்கும்.

நான் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழியைக் காட்டு என்று கேட்டே பழகியவள். எங்களுடையது திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்கள் இங்கேதான் இருந்தேன். பிறகு மாற்றலில் மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை என்று சுற்றிவிட்டு மறுபடி இங்கேயே வந்து சேர்ந்தேன். பத்தாவது முடித்த பெண் பதினொன்றில் சேர வரவில்லை என்றால் வீட்டில் என்ன காரணம் சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "குடும்பத்தோட திருப்பூர் போறோம் டீச்சர்" என்று சான்றிதழ் வாங்கிப் போன ஒருத்தியை ஆறே மாதத்தில் கும்பகோணம் பேருந்தில் பார்த்தேன். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து யார் சிரித்துப் பேசினாலும் எனக்குச் சோழியன் குடுமிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அது சும்மா ஆடாது.

இந்த வருடம் நான் காத்திருந்தது ஒரே ஒருத்திக்காக. பத்தாவதில் என் வகுப்பு. கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, மீதி இரண்டு எங்கே போனது என்று போன் போட்டு என்னோடு சண்டை பிடித்தவள். பதினொன்றில் கணிதமும் கணினியும் சேர்ந்த குரூப்தான் வேண்டும் என்று பரீட்சைக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். மே மாதம் விண்ணப்பம் வாங்கிப் போனாள், திருப்பித் தரவில்லை. போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. பள்ளி திறக்கும் நாள்தான் கடைசி நாள். அன்று சேராவிட்டால் அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியிருந்த நேரம். பாதி அம்மாக்கள் வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேரே வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இவர்கள் மூன்று பேர் மட்டும் பட்டுப்புடவையும் புது வேட்டியுமாக வந்தார்கள். முன்னால் அம்மா, பின்னால் அந்தப் பெண், பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள்.

"இவன் என் தம்பிங்க. சிங்கப்பூர்லேருந்து வந்துருக்கான்" என்றார் அந்த அம்மா.

தாய்மாமன். அக்காள் மகள் என்றால் உரிமை உள்ளவன் என்று இன்னும் பேசுகிற ஊர் இது. பெண்ணைப் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. காதில் புதுத் தோடு. மருதாணிக் கையில் சந்தனத்தை வாங்கிக்கொண்டவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு தட்டைப் பார்த்தேன். மாமன்தான் ஏந்திக்கொண்டிருந்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதன்மேல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள உறை. எங்கள் பக்கம் அப்படி ஒரு உறை எதற்கு வரும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். இவ்வளவு துணிச்சலா, பள்ளிக்கூடத்துக்கே பத்திரிகை வைக்க வந்துவிட்டார்களா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அந்த அம்மா தட்டை வாங்கி என்னிடம் நீட்டினார். "டீச்சர், மொத மொதல்ல உங்க கையிலதான் குடுக்கணும்னு..."

நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். தாம்பூலத்தைக் கையில் வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம். வாங்கிவிட்டு அப்புறம் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் ஏது? "ஹெச்.எம். மேடையில பேசிக்கிட்டிருக்காங்க. அவங்க வரட்டும், உள்ள வந்து உக்காருங்க" என்று இனிக்க இனிக்கச் சொல்லி ஆசிரியர் அறையில் உட்கார வைத்தேன். காபி வரவழைத்தேன். பிறகு ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன்.

திரும்பி வந்து பேச்சுக் கொடுத்தேன். விசாரணை என்பதே சரி.

"அப்பா வரலையா?"

"லாரில வடக்க போயிருக்காருங்க."

"போன் ஏன் எடுக்கல?"

"வீட்ல விசேஷம் டீச்சர். ஒரு மாசமா ஒரே அலைச்சல்."

விசேஷம்! அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாள் நட்சத்திரம் பார்க்கிற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு காபி சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து ஜீப் வந்தது. வாசலில் ரோஜாவோடு நின்ற பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெண் அதிகாரிகள் உள்ளே வந்து, பெண்ணின் வயதைக் கேட்டார்கள், மாமனின் வயதைக் கேட்டார்கள். மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதிகாரிகளில் மூத்தவர் தட்டிலிருந்த உறையை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே எங்கள் பள்ளியின் விண்ணப்பம் இருந்தது. பதினொன்றாம் வகுப்பு, கணிதம், கணினி. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அந்த அம்மாவின் கையெழுத்து. விண்ணப்பத்தின் நாலு மூலையிலும் மஞ்சள்.

"எங்க வீட்ல பத்து தாண்டுற மொத பொண்ணுங்க. வெறுங்கையோட எப்புடி வர்றது?" என்றார் அந்த அம்மா, அதிகாரியைப் பார்த்து. மாமனுக்குப் போன வாரம்தான் கல்யாணம் ஆகியிருந்தது, திருக்காட்டுப்பள்ளிப் பெண்ணோடு. மருதாணி, தோடு, பட்டு எல்லாம் அந்தக் கல்யாணத்துக்கு. அவர் நேரம் பார்த்தது மதியம் மாமியார் வீட்டு விருந்துக்கு. என் கணக்கில் ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது, விடை மட்டும் தப்பு.

அதிகாரிகள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார்கள். மாமன் எழுந்தார். "நான் தூக்கி வளத்த புள்ளைங்க அது. அவள நான் கட்டுவேன்னு நெனச்சீங்களா? வாசல்ல ஊரே நிக்கிது. எந்த மொகத்த வச்சிக்கிட்டு இது இங்க படிக்கும்? வாக்கா, வீட்டுக்குப் போவோம். இந்தப் பள்ளிக்கூடமே வேணாம்."

பெண் அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தாள். எதைத் தடுக்க நினைத்தேனோ அதை நானே செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நில்லுடா" என்றார் அந்த அம்மா. மாமன் நின்றார். அந்த அம்மா மகளையும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சருக்கு என்னைத் தெரியல. தெரியாதுதான், பதினேழு வருசம் ஆச்சுல்ல. பத்தாவது பி செக்ஷன். நீங்க அப்பத்தான் புதுசா வேலைக்கு வந்துருந்தீங்க. பரீட்சை முடிஞ்சு இதே மாதிரி ஸ்கூல் தொறந்த அன்னிக்கு எங்கப்பா தட்டோட வந்தாரு. அது நெசமாவே கல்யாணப் பத்திரிகைங்க. நான் அப்பாவுக்குப் பின்னாடி நின்னு உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். என்னாத்துக்குன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டீங்க."

எனக்கு அந்த முகம் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ தட்டுகள் வாங்கியிருக்கிறேன்.

"கல்யாணத்துக்கு டீச்சருங்க அஞ்சாறு பேரு சேந்து வந்தீங்க. சுவர்க் கடிகாரம் குடுத்தீங்க. அது இன்னும் எங்க வீட்ல ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னிக்கு என் பொண்ணுக்குன்னதும் ஜீப்பே வந்துடுச்சு. இவன் கெடக்கான், நீங்க மனசுல வச்சிக்காதீங்க. யார் வந்தாலும் இப்புடியே கேளுங்க டீச்சர்."

விண்ணப்பத்தை மறுபடி உறையில் போட்டு, தட்டில் வைத்து, என்னிடம் நீட்டினார்.

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, சேர்க்கை மேசை ஒரு மணிக்கு மூடிவிடும். தட்டோடு அலுவலகத்தை நோக்கி நடந்தேன். அந்தப் பெண் பின்னால் வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.