பிரபுவின் முதுகில் மிளகாய்த்தூள்

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த புதிதில் நான் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே பதிலோடு திரும்பின: உள்ளூர் அனுபவம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் தட்டச்சு வேலை பார்த்தவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில், கிளென்ஃபீல்டில் இருந்த ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் தன் வம்சாவளியைக் கணினியில் ஏற்றித் தந்தால் நற்சான்றுக் கடிதம் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதத்துக்காக ஸ்கொட்லாந்தின் பழைய பிரபு குடும்பம் ஒன்றோடு ஆறு வாரம் மாரடித்தேன்.

அவர் தந்த பெட்டியில் ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், பட்டம், மனைவி பெயர். எழுநூறு வருடத்துக்கு முந்தியவர்கள், பலருக்குப் பிறந்த ஆண்டே இல்லை. ஓரிடத்தில் ஒரே பெயர், ஒரே பட்டத்தோடு மூன்று அட்டைகள் வந்தன. மனைவி மட்டும் வேறு வேறு. பிரபுவுக்கு மூன்று மனைவி இருந்தால் என்ன புதுமை? மூன்றையும் ஒருவராக்கினேன். மிஞ்சிய இரண்டு அட்டைகளின் வெறும் பின்பக்கம் வீணாகக் கூடாதே என்று, சாமான் பட்டியல் எழுத வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கடைசி நாள் அச்சிட்ட தாளைப் பார்த்த பல் வைத்தியரின் முகம் வெளுத்துப்போனது.

"இங்கே மூன்று பேர் இருக்க வேண்டும். தகப்பன், மகன், பேரன். அந்த அட்டைகள் எங்கே? வேறு பிரதி இல்லை."

எங்கள் பக்கத்தில் தகப்பன் பெயரை மகனுக்கு யார் வைப்பார்கள்? அந்த நினைப்பில் இரண்டு தலைமுறையை ஒரேயடியாகத் துடைத்துவிட்டேன். கடிதம் போச்சு என்றே நினைத்தேன். அவருடைய தொலைபேசியிலேயே வீட்டுக்கு எடுத்தேன்.

"பிரிட்ஜில ஒட்டின ரெண்டு அட்டையும் கிடக்கோ, பாருங்கோ."

"ஒண்டு கிடக்கு. மற்றதைக் கொண்டுபோய்த்தான் நேற்று பக்கத்து டெயரிக் கடையில சாமான் வாங்கினனான்," என்றார் கணவர்.

"ஐயோ, எறிஞ்சிட்டியளோ?"

"கொஞ்சம் பொறும்... சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருக்கு. பின்னால மிளகாய்த்தூள் எண்டு எழுதிக் கிடக்கு. அழிச்சுக் கொண்டரட்டே?"

"ஒண்டையும் தொடாதேங்கோ! அப்பிடியே கொண்டு வாங்கோ."

அவர் காரில் கொண்டுவந்து தந்ததும் மகனையும் பேரனையும் அவரவர் இடத்தில் ஏற்றினேன்.

பல் வைத்தியர் அட்டையைத் திருப்பி என் தமிழ் எழுத்தைப் பார்த்தார்.

"இது என்ன?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "வெங்காயம், பருப்பு, மிளகாய்த்தூள்."

மனிதர் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பட்டியலை அழிக்கவும் விடாமல், அட்டையை அப்படியே பெட்டியில் வைத்தார்.

கடிதம் கிடைத்தது. அதில் ஒரு வரி: 'இவர் எதையும் எறிய மாட்டார்.'

மனுகாவில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு நடத்திய பெண்மணி அந்த வரியில் விரலை வைத்து, உண்மைதானா என்று கேட்டார். வந்த பதற்றத்தில் "ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.