ஹேண்டில் ஆடுகிறது என்றான் தம்பி

போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் இரண்டு மாதம் கிடந்த மோட்டார் சைக்கிளை ஒரு மினி லாரியில் ஏற்றி, திண்டிவனம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கின் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அது என் வண்டி. ஐந்து வருடம் நான் ஓட்டிவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தது. அதில் போய்த்தான் அவன் செத்தான்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. சிங்கவரத்தில் வீடு, அவலூர்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. தினமும் காலையில் செஞ்சி வழியாக வண்டியில் போய்ப் பொழுது சாயத் திரும்புவான். அன்று காலை எட்டரை மணிக்கு, போகும் வழியில் ஓர் ஏரிக்கரை வளைவில் விழுந்துவிட்டான். ரோடு காலியாக இருந்திருக்கிறது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர்தான் தூக்கியிருக்கிறார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

விழுந்ததை யாரும் பார்க்காததால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாய் குறுக்கே வந்திருக்கும் என்றார்கள். எதிரே லாரி வந்திருக்கும், தலை சுற்றியிருக்கும் என்றார்கள். அவன் மனைவி நாய்தான் காரணம் என்பதைப் பிடித்துக்கொண்டாள். அந்த வளைவில் ஒரு கோழிக்கடை உண்டு, நாய்கள் அதிகம். ஸ்டேஷனில் கொடுத்த காகிதத்தில் பிரேக் சரியாக இருந்தது என்று எழுதியிருந்தது. நானும் அதோடு விட்டிருக்கலாம்.

விட முடியவில்லை. ஏனென்றால் அவன் என்னிடம் சொல்லியிருந்தான்.

செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது கடை வாசலில் வந்து நின்றான். சான்றிதழுக்கு மனு போட வந்தவர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. நான் எரிச்சலில் இருந்தேன்.

“அண்ணா, ஹேண்டில் ஆடுதுண்ணா. நாப்பதத் தாண்டினா கையிலருந்து புடுங்குற மாதிரி ஆடுது. மெக்கானிக்கு...”

“அஞ்சு வருஷம் ஓட்டுனேன், எனக்கு ஆடலையே. வண்டி ஆடலடா, உன் கைதான் ஆடுது. காத்து கம்மியா இருக்கும், போய்ப் புடி.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “சரிண்ணா” என்று போய்விட்டான்.

மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வண்டியை முதலிலிருந்தே அறிந்தவர். வண்டியை இறக்கியதும் ஒருமுறை சுற்றி வந்தார்.

“இன்னாத்துக்கு சார் இத இங்க இட்டாந்த? ரிம்மு போச்சு, ஃபோர்க்கு வளைஞ்சிடுச்சி. பழைய இரும்புக்குப் போட்டுடு.”

“ரிப்பேர் வேணாம். ஓட்டும்போது ஹேண்டில் ஆடுதுன்னு தம்பி சொன்னான். எதனாலன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

“தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?”

கேட்டுவிட்டு அவரே ஸ்பேனர் பெட்டியை இழுத்துப் போட்டார்.

பின் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார். ஹேண்டில் ஆடினால் முன்பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது என்றார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். அசையவில்லை. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். “இது நல்லாத்தான் இருக்குது” என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு மூச்சு இலகுவானது. முன் ரிம் நசுங்கிக் கோணியிருந்தது. “இது வுழுந்ததுல ஆனது. முன்ன எப்பிடி இருந்துச்சின்னு இத வச்சி சொல்ல முடியாது” என்றார். அதுவும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எதுவும் தெரியாமலே போய்விடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன் என்பதுகூட மறந்துவிட்டது. முன் சக்கர பேரிங்கைக் கழற்றி விரலை விட்டுச் சுற்றினார். வழுவழுவென்று சுற்றியது.

கடைசியாக, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். கழுத்துப் பகுதியில் டக் டக்கென்று சத்தம் வந்தது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார். நேராக வரும் இடத்தில், பள்ளத்தில் இறங்கியதுபோல் அது நின்றது.

“கோன் செட்டு” என்றார்.

ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு இரும்புக் கிண்ணங்கள் இருக்கும். அவற்றுக்குள் குண்டுகள் உருளும். அதைத்தான் சொன்னார்.

“இதுவும் வுழுந்ததுல ஆயிருக்கலாம் இல்ல?” என்றேன்.

அவர் நட்டைக் கழற்றி, கிண்ணத்தைத் தட்டி எடுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்வட்டம் முழுக்க வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் துரு.

“ரெண்டு மாசம் மழையில கெடந்துச்சே, அந்தத் துருவா இருக்கும்.”

“அது மேலாக்க வரும், துடைச்சா போயிடும். இது குண்டு குத்திக் குத்தி வுழுந்த பள்ளம் சார். ஓரமெல்லாம் தேஞ்சி போயிருக்குது பாரு. நாள் பட்டது. உங்கிட்ட இருக்கும்போதே ஆரம்பிச்சிருக்கும்.”

“இதாலதான் வுழுந்தானா?”

“அத எவனும் சொல்ல முடியாது. வண்டி ஆடுனது நெசம். அதாலதான் வுழுந்தாருன்னு நான் சொல்ல மாட்டேன்.”

பிறகு அவர் அங்கிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி இங்க வந்தாரு சார். ஒருவாட்டி ஓட்டிப் பாத்துட்டு, கோன் செட்டு மாத்தணும், அரை நாள் வண்டிய வுட்டுட்டுப் போன்னேன். அண்ணன் வண்டி, அவர ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்னு போனாரு. அப்புறம் வரல. நானாவது சாவியப் புடுங்கி வச்சிருக்கணும்.”

கடை வாசலில் அவன் “மெக்கானிக்கு” என்று ஆரம்பித்ததை நான் முடிக்க விடவில்லை. வண்டியை அவனுக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருந்தும் அவன் அதை என் வண்டியாகவே நினைத்திருக்கிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த மண் தரையிலேயே உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை.

ஒரு வாரம் கழித்து சிங்கவரம் போய் அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். நான் அவனைக் கேலி செய்ததையும் மறைக்கவில்லை. திட்டுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

“இத இப்ப ஏன் மாமா எங்கிட்ட சொல்றீங்க?” என்றாள்.

“உனக்குத் தெரியணும்னுதாம்மா...”

“நாயின்னு நெனச்சிக்கினு ஏதோ தூங்கிக்கினு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு. உங்க பாரத்த எறக்கி வச்சிட்டீங்க. நான் எங்க போய் எறக்குவேன்?”

அவள் மறுபடி மல்லாட்டையை உடைக்க ஆரம்பித்தாள்.

வண்டியை மெக்கானிக்கே எடைக்குப் போட்டுவிட்டார். அவள் இப்போது பஸ்ஸில் அவலூர்பேட்டை போய், அவன் வேலை பார்த்த அதே கடையில் பில் போடுகிறாள். விசேஷங்களில் பார்க்கும்போது, “வாங்க மாமா, சாப்டீங்களா” என்று எல்லாரையும் கேட்பதுபோலவே என்னையும் கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். அவள் அடுத்தவரிடம் போய்விடுகிறாள்.