இரவல் போன இருபத்தேழாம் நம்பர்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது அம்மா மஸ்கட்டிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினாள். பேரீச்சம்பழம், பெரியம்மாவுக்கு வாசனை சோப்பு, பெரியப்பாவுக்குத் தைலம், அண்ணனுக்குக் கைக்கடிகாரம், எனக்கு ஒரு கால்பந்து ஜெர்சி. நான் ஒரு பெண் என்பதும், அதுவரை ஒரு பந்தைக் கூடக் காலால் தொட்டதில்லை என்பதும் அம்மாவுக்கு மறந்திருக்காது. வீடியோ காலில் கேட்டதற்கு, "கலர் நல்லா இருந்துச்சுடி, அதான்" என்றாள். கலர் நன்றாகத்தான் இருந்தது. என்னைப் போல இன்னொருத்தியும் சேர்ந்து உள்ளே நுழையலாம், அவ்வளவு பெரியது.

அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததும், அம்மா என்னைத் திருநின்றவூரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். ஒரே ஒரு வருஷம் என்பதுதான் பேச்சு. பார்சல் வந்த சமயத்தில் அந்த ஒரு வருஷம் மூன்றாவது முறையாக நடந்துகொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. பெரியம்மாவுக்கு அதே எஸ்டேட்டில், எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் செக்கிங். இருவரும் காலை லோக்கலில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். அண்ணன், அதாவது அவர்களுடைய ஒரே மகன், ஆவடியில் காலேஜ் விட்டதும் நண்பர்களோடு சுற்றிவிட்டு வருவான். பள்ளி விட்டதும் கழுத்தில் தொங்கும் சாவியால் நான்தான் வீட்டைத் திறப்பேன். ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். லோக்கல் என்றால் அதில் பெரியம்மா வரலாம். எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நிற்காது, அதைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. டி.வி. விளம்பரத்தில் வரும் பெண் "உங்கள் வீட்டில் எந்த எண்ணெய்?" என்று கேட்டால் எங்கள் வீட்டு எண்ணெயின் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜெர்சியைப் பெரியம்மா முதலில் உள்பக்கமாகத் திருப்பித் தையலைத்தான் பார்த்தாள். கம்பெனியில் நாள் முழுக்கச் செய்வதை அவளால் வீட்டிலும் விட முடியாது. "ஓவர்லாக் நல்லா போட்டுக்கீறான்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து எனக்கு அளவாக்கினாள். மிச்சத் துணியை வெட்டவில்லை. "கெடக்கட்டும். வளர வளரப் பிரிச்சி உட்டுக்கலாம்" என்றாள். ஒரு வருஷத்துக்கு வந்தவள் எவ்வளவு வளர்ந்துவிடப் போகிறேன் என்று எனக்குத் தோன்றியது.

முதுகில் இருபத்தேழு என்ற எண்ணும் ஒரு பெயரும் இருந்தன. பெயரைத் தெருவில் ஆளுக்கொரு விதமாக வாசித்தார்கள். நான் இருபத்தேழு என்றே வைத்துக்கொண்டேன். அண்ணன் போனில் தேடி ஆளைக் கண்டுபிடித்தான்.

"பிரான்ஸ்காரன்டி. ஃபார்வர்டு. ஆனா இந்த கிளப்ல இப்போ இல்ல. ஆளு போய்ட்டான்னா அவன் பேரு போட்ட சட்டைய தள்ளுபடில தள்ளிடுவானுங்க. அதான் சித்தி வாங்கிக்கீறாங்க."

"போய்ட்டானா? செத்துட்டானா?"

"ஏ, சும்மாரு. இரவல் குடுத்துக்கீறாங்க. ஆளு இவங்க ஆளுதான். ஆனா இங்க எடம் இல்ல. அதனால ஒரு வருஷத்துக்கு சின்ன டீம் எதுக்காவது குடுத்துடுவாங்க. அங்கயே தங்குவான், அங்கயே ஆடுவான். மே மாசம் சீசன் முடிஞ்சா திரும்பி வந்துடுவான்."

என் விஷயத்தை எனக்கு இவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து இருபத்தேழு என் ஆள். மாலையில் அண்ணன் வந்து ஹாட்ஸ்பாட் போட்டதும், பெரியப்பாவின் கண்ணாடி உடைந்த பழைய போனில் அவனைத் தேடுவேன். கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு ஊரில் பிறந்தவன். சின்ன வயதிலேயே பெரிய கிளப் அவனை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதே தவிர, ஆட விட்டது கொஞ்சம்தான். ஒரு வருஷம் வடக்கே பனி கொட்டும் ஊருக்கு அனுப்பினார்கள், மறு வருஷம் எல்லை தாண்டி வேறொரு நாட்டுக்கு, இப்போது ஒரு மலையடிவார ஊருக்கு. வருஷத்துக்கு ஒரு ஊர், ஒரு சட்டை. பெரும்பாலும் பெஞ்சில் இருப்பான். ஆட்டம் முடியப்போகும் சமயத்தில் யாராவது நொண்டினால் இவனை இறக்குவார்கள்.

அவன் கோல் போடும் வீடியோக்கள் சில இருந்தன. மற்றவர்கள் கோல் போட்டால் கையை விரித்துக்கொண்டு கூட்டாளிகளிடம் ஓடுவார்கள். இவன் போட்டதும் ஒரு கணம் நின்று, யாரிடம் ஓடுவது என்று சுற்றிப் பார்ப்பான். அந்த ஒரு கணத்தை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். பள்ளி விட்டு வந்ததும் பழைய சாக்ஸைச் சுருட்டி, பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே கோல் போட்டுவிட்டு, நானும் அதே மாதிரி நின்று சுற்றிப் பார்ப்பேன். அவனுக்காவது பிறகு யாராவது ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள். எனக்கு அழுகை வரும். சாக்ஸை எடுத்து மறுபடி உதைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவன் இரவலில் இருந்த மலையூர் டீமும் அவனுடைய சொந்தப் பெரிய கிளப்பும் மோதின. எவர்சில்வர் குடத்தில் போனைச் சாய்த்துவைத்து நானும் அண்ணனும் பார்த்தோம். இருபத்தேழு மைதானத்தில் இல்லை, பெஞ்சிலும் இல்லை. கடைசியில் கேமரா மேலே பார்வையாளர்கள் பக்கம் போனபோது, கனமான கோட்டு போட்டுக்கொண்டு, முழங்காலில் கை வைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"சொந்த டீமுக்கு எதிரா எறங்கக் கூடாதுடி. ரூலு. ரெண்டு டீமும் மோதிக்கினா இவன் மேல போய் உக்காந்துக்கணும். வாயத் தொறக்கக் கூடாது" என்றான் அண்ணன்.

கடைசி வாக்கியம் அண்ணன் தன் கையிலிருந்து போட்டது என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு எல்லாமே சட்டம். மலையூர் ஒரு கோல் போட்டது, அவன் கை தட்டவில்லை. பெரிய கிளப் திருப்பிப் போட்டது, அப்போதும் தட்டவில்லை. எவ்வளவு மரியாதையான ஆள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் அம்மா லீவில் வந்தது மே மாதத்தில்.

வேறு எந்த மாதத்தில் வந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. மே மாதத்தில் வந்ததால் விஷயம் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். சீசன் முடிந்தது, சொந்தக் கிளப் ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்துவிட்டது. பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு இரண்டு பாவாடை, சீப்பு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் வைத்துக்கொண்டேன். இரவில் அம்மா பக்கத்தில் படுத்து என் தலையைக் கோதுவாள். அவள் கையில் வேறு ஏதோ ஊர் வாசனை அடித்தது. ஆனாலும் அது அம்மாவின் கை. அப்படியே விடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

ஒரு ஞாயிறு, மீன் குழம்புச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். இனி மஸ்கட் போகப்போவதில்லை, முகப்பேரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது, பக்கத்திலேயே ஹவுசிங் போர்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், இவளையும் அழைத்துப்போய் அங்கேயே பள்ளியில் சேர்க்கிறேன் என்றாள். பெரியம்மா தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"பகல் ஷிப்ட்டு, ராத்திரி ஷிப்ட்டுன்னு நீ பூடுவ. கொயந்த ஒண்டியா கெடக்கணுமா?"

"இங்க மட்டும் இன்னாக்கா? சாவிய கழுத்துல மாட்டிக்கினு ஒண்டியாத்தான கெடக்குது."

பெரியம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. மூன்று வருஷம் எனக்குத் தலை பின்னிய கை, காய்ச்சல் வந்தபோது கம்பெனிக்கு லீவு போட்டு மடியில் கிடத்திக்கொண்ட ஆள். பிறகு இரண்டு பேரும் பேசியதில் நான் பிறப்பதற்கு முன்பு நடந்த சமாச்சாரமெல்லாம் வெளியே வந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். வீட்டில் வாயே திறக்காத பெரியப்பா கடைசியில் திறந்தார்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. கொயந்தைய கேளுங்க. அது இன்னா சொல்லுதோ அப்டியே பண்ணிக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவோடு போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் இரண்டு டீமும் மோதிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். தவிர, மே மாதம் முடிந்தால் ஆள் தானாகத் திரும்பிப் போய்விடும். இதில் ஆட்டக்காரனைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எழுந்துபோய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஜெர்சியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் முழங்காலில் கை வைத்து, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்தாள். செருப்பில்லாமல் வந்திருந்தாள். தரை கொதித்ததால் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"உன் மனசுல இன்னா கீதோ அத சொல்லுடி. அம்மாவுக்கு எதிரா சொன்னாக்கூட பரவால்ல. அம்மா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

நான் ரயில் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் தட்டவில்லை, தலையைத் திருப்பவில்லை. ஒரு லோக்கல் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அம்மா அதுவரையிலும் நின்றாள். பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது. சரியாக நடந்துகொண்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

முகப்பேர் வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு, லீவு முடிவதற்கு முன்பே அம்மா மஸ்கட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் ஆட்டோ நின்றபோது என் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா அதைப் பார்த்து, ஸ்கூலே இல்லையே, எதற்குப் பை என்று கேட்டாள். நான் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன். என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதே மாதம் அண்ணன் ஒரு செய்தி காட்டினான். இருபத்தேழும் திரும்பிப் போகவில்லை. மலையூர் டீமே அவனை வைத்துக்கொண்டது. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் பெரியம்மா ஜெர்சியின் பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்து விட்டாள்.

காலேஜ் முடியும்வரை நான் திருநின்றவூரில்தான் இருந்தேன். பெரியம்மா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா இப்போது நிரந்தரமாகத் திரும்பிவிட்டாள். முகப்பேரில், அவள் அன்று சொன்ன மாதிரியே ஒரு ஹவுசிங் போர்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். நல்ல கோப்பையை எடுத்துக் கழுவி டீ போடுவாள். சர்க்கரை எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். பெரியம்மா இதையெல்லாம் கேட்கமாட்டாள், தன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்து வைப்பாள். அம்மா கேட்கும்போது நானும் புதிதாகச் சொல்வது போல, ஒரு ஸ்பூன் போதும் என்பேன்.

போன மாதம் அப்படி ஒரு ஞாயிறு அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணன் ஒரு வீடியோவை அனுப்பினான். இருபத்தேழு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். தலையில் பாதி முடி இல்லை. பேட்டி எடுத்தவர் பழைய கதைகளைக் கேட்டுக்கொண்டே வந்து, சொந்தக் கிளப்போடு நடந்த அந்த ஆட்டத்தில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். கீழே ஓடிய எழுத்துகளை இரண்டு முறை நிறுத்திப் படித்தேன். அப்படி இறங்கவே கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாதாம். இரண்டு கிளப்புக்கும் இடையிலான ஒரு ஏற்பாடுதானாம். எங்களுக்கு எதிராக ஆடினாலும் பரவாயில்லை என்று சொந்தக் கிளப்பே சொல்லிவிட்டால், தாராளமாக இறங்கி ஆடலாமாம்.

அடுப்படியிலிருந்து அம்மா சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். நான் போனை மடியில் கவிழ்த்துவைத்தேன். கொதிக்கும் மாடியில் கால் வைக்க முடியாமல், கடைசிப் படியில் நின்று அம்மா சொன்னது அதைத்தான் என்று, தொட்டி நிழலில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன இருபத்தேழாம் நம்பருக்கு அன்று தெரியவில்லை.